அந்தி வெளிச்சத்துக்கு ஒரு ஸ்கோப்

வடகோடிப் பனி நாட்டில், சோத்கமோ வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்களில் ஹில்க்கா முலாரியைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு பண்ணைக்காரர் விடுமுறை எடுத்தால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தால், மகனுக்குக் கல்யாணம் வைத்தால், அவர் வீட்டுக் கொட்டிலில் போய் நிற்பது அவள்தான். அந்த மாற்றாள் வேலைக்கு நகராட்சி சம்பளம் கொடுத்தது. எந்த மாடு உதைக்கும், எது புது ஆள் கைபட்டால் சுரப்பு விடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

இலையுதிர் காலம் வந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. அக்டோபரில் மூஸ் வேட்டை தொடங்கும். குதிரையைவிட உயரமாக நிற்கும் அந்தக் காட்டு மானைத் தேடி ஊர் ஆண்கள் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். அவர்கள் வீட்டு மாடுகளை ஹில்க்கா கறப்பாள். சாயங்காலம் திரும்பியதும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கொட்டில் வாசலில் நின்றுகொண்டு, யார் எங்கே நின்றார், நாய் எங்கே குரைத்தது, மான் எந்தப் பக்கம் திரும்பியது என்று அவளிடம் சொல்லித் தீர்ப்பார்கள். வருஷக்கணக்காகக் கேட்டாள். ஐம்பதை நெருங்கும்போது ஒரு நாள், கேட்டது போதும் என்று முடிவு செய்தாள். வேட்டைக்காரர் பரீட்சைக்குப் படித்து எழுதித் தேறினாள். குறிபார்த்துச் சுடும் தேர்விலும் முதல் தடவையே தேறினாள். பிறகு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வேட்டை தொடங்கும் வாரத்தில் எனக்கும் விடுப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் செய்தியைக் கேட்டு அதிகம் பதறியவன் ரெய்யோ. ஊரிலேயே பெரிய பால் பண்ணை அவனுடையது. ஹில்க்காவோடு ஒரே வகுப்பில் படித்தவன், அதனால் அவளிடம் பேச வாய்க்குப் பூட்டே கிடையாது.

"நீயும் காட்டுக்கு வந்துட்டா என் மாட்ட யாரு கறப்பா?" என்று கேட்டான்.

"நீதான். உன் மாடுதானே? முகம் மறந்திருக்கும், போய்ப் பழகிக்கோ" என்றாள் ஹில்க்கா.

வேட்டைக் குழுவின் தலைவர் தௌனோ அறுபதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். ஹில்க்கா தேர்வில் தேறிய சான்றிதழைப் பார்த்தார், அவள் கையைக் குலுக்கினார், வேட்டையின் முதல் நாளன்று மானுக்காகக் காத்து நிற்க அவளுக்கு ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் ஒரு வரவேற்பை அந்த ஊரில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

துப்பாக்கியை அவள் பழையதாக வாங்கியிருந்தாள். துப்பாக்கி நல்லது. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய், இலவச இணைப்பு மாதிரி கூடவே வந்தது. பகல் வெளிச்சத்தில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் சில வருஷங்களில் அதை வைத்தே இரண்டு மூஸை வீழ்த்தி எடுத்தாள். இரண்டும் வெயில் அடித்த காலை நேரம். நம்முடைய பொருளில் என்ன குறை என்று அது காட்டிக்கொடுக்கும் வரைக்கும் நமக்குத் தெரிவதில்லை.

காட்டிக்கொடுத்தது ஒரு தூறல் நாளில். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலத்தின் விளிம்பில் ஹில்க்கா காலையிலிருந்து நனைந்துகொண்டு நின்றாள். எதிரே ஊசியிலை மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரிய மூஸ் கடா வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. கொம்பு இரண்டு பக்கமும் விரித்த கைபோல இருந்தது. அவள் மூச்சை அடக்கித் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து ஸ்கோப்பில் கண் வைத்தாள். வெள்ளை. முன்னும் பின்னும் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் வெள்ளை. ஈரம் உள்ளே புகுந்து, உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. குழாயின் உள்ளே விரலை விட்டா துடைக்க முடியும்? துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, கடா தன் பாட்டுக்கு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தபோது ரெய்யோ விடவில்லை. "ஹில்க்கா, நீ கறந்த பாலை எல்லாம் எங்க ஊத்துறேன்னு இப்பத்தான் தெரியுது. அந்தக் குழாய்க்குள்ளதானா?" என்றான். நெருப்பைச் சுற்றிச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க வாக்கி டாக்கியில் அவள் குரல் கேட்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், பால் பொங்கிடுச்சா என்று கேட்டார்கள்.

கேலி அவளை அவ்வளவாகச் சுடவில்லை. வேறொன்று உறுத்தியது. வீட்டுக்கு வந்து கணவன் அஹ்தியிடம் சொன்னாள். அஹ்தி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவன், ரத்தத்தைக் கண்டால் உட்கார்ந்துவிடுவான், வேட்டைக்கும் அவனுக்கும் இருந்த ஒரே உறவு குளிர்பெட்டியில் கிடக்கும் இறைச்சிதான்.

"எனக்குச் சுடத் தெரியாம அது போயிருந்தா போகுதுன்னு விட்டுடுவேன். எனக்குத் தெரியும். கண்ணாடிக்குத்தான் தெரியல" என்றாள்.

"அப்ப கண்ணாடிய மாத்து" என்றான் அஹ்தி. அவனுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம்.

மாற்றுவது சுலபமாக இல்லை. அந்த வருஷம் காரின் கியர்பாக்ஸ் உயிரை விட்டிருந்தது, குளியல் குடிசையின் கூரையை மாற்றியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் நாட்களில் மற்றவர்கள் வீட்டில் இருக்க, அவள் மாட்டுக் கொட்டில்களில் நின்று சம்பாதித்த தனிப்படி மட்டும் கையில் இருந்தது. அதற்குள் முடிய வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ரெய்யோ தன்னுடையதைக் கழற்றிக் காட்டினான். ஜெர்மன்காரன் செய்தது, பதினாறு மடங்கு வரை பெரிதாகக் காட்டும், எதிர்க்கரை மரத்தில் உட்கார்ந்திருக்கும் மரங்கொத்தி கண் சிமிட்டுவதைக்கூடப் பார்க்கலாம் என்றான். "இதுக்குக் கம்மியா எதையாவது வாங்கினா வாங்காமலே இருக்கலாம்" என்று முடித்தான். வேறொருவர், விலை குறைந்ததிலேயே இருபத்து நான்கு மடங்கு வரை வருகிறதே, குறிவைக்க உள்ளே புள்ளியாக ஒரு சிவப்பு விளக்குகூட எரியும் என்றார். எல்லோரும் எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதையே பேசினார்கள். ஹில்க்கா மட்டும் அந்தத் தூறல் சாயங்காலத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். கடா ஒன்றும் தூரத்தில் நிற்கவில்லை. வெறும் கண்ணுக்கே அது பெரிதாகத்தான் தெரிந்தது.

பிப்ரவரியில் கயானி நகரத்துக்குப் போய், வேட்டைச் சாமான் கடையில் ஏறினாள். கடைக்காரம்மா முதலில் அந்தச் சிவப்பு விளக்குச் சமாசாரத்தைத்தான் எடுத்துக் காட்டினாள். மேசைமேல் பிரகாசமான விளக்குகள், எதிர்ச் சுவரில் ஒரு படம். எந்த ஸ்கோப்பில் பார்த்தாலும் படம் அருமையாகத் தெரிந்தது. ஹில்க்கா அதைக் கீழே வைத்துவிட்டு, "இத வெளியில வெச்சுப் பாக்கலாமா? இருட்டுற நேரத்துல?" என்று கேட்டாள்.

கடைக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு காபி போட்டுக் கொடுத்தாள். வெளிச்சம் மங்கும்வரை இரண்டு பேரும் கோடைக்குடிசை வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரம் வந்ததும் பின்வாசல் கதவைத் திறந்து, மூன்று ஸ்கோப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள். வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு அப்பால் சில தேவதாரு மரங்கள் இருந்தன. சிவப்பு விளக்குக் குழாயில் அந்த மரங்கள் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தன. விலை கூடியதில் கிளைக்குக் கிளை தனித்தனியாகத் தெரிந்தது. விலையைக் கேட்டுவிட்டு ஹில்க்கா அதைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

கடைக்காரம்மா அதற்காக முகத்தைச் சுளிக்கவில்லை. அந்தச் சிவப்பு விளக்கை இரண்டு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்றாள். பிறகு, வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாததையும் சொன்னாள். "எம் பணமா இருந்தா நான் பழசுல நல்லதாப் பாத்து வாங்குவேன். நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாத."

வீட்டில் சோதனை தொடங்கியது. தௌனோ தன்னிடம் சும்மா கிடந்த ஒரு நல்ல ஸ்கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தார். கடையிலிருந்து வந்தது ஒன்று, அவளுடைய பால் குழாய் ஒன்று. துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வரவில்லை, குழாய்கள் மட்டும்தான். வேலிக் கம்பத்தின் மேல் ஒரு மாவு மூட்டையைப் போட்டு, அதன் மேல் ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே? வயலின் மறுகோடியில், முழங்கால் பனியில், காபிப் பொட்டலத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அஹ்தி நின்றான்.

"எழுத்து தெரியுதா?" என்று அங்கிருந்து கத்துவான்.

"கொஞ்சம் பொறு. இன்னும் இருட்டட்டும்" என்று இவள் இங்கிருந்து கத்துவாள்.

ஒரு சாயங்காலம் அந்த வழியாகப் போன ரெய்யோ வண்டியை நிறுத்திவிட்டான். இறங்கி, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஹில்க்காவையும், வயலில் காபிப் பொட்டலத்தோடு சிலை மாதிரி நின்ற அவள் கணவனையும் மாறி மாறிப் பார்த்தான். புருஷனை இப்படியா தண்டிப்பார்கள், என்ன தப்பு செய்தான் என்று விசாரித்தான். அஹ்தி கையை ஆட்டினான். கேலி அடுத்த நாளே பால் வண்டியோடு சேர்ந்து ஊரைச் சுற்றிவந்தது.

அந்தச் சாயங்காலங்களில்தான் ஹில்க்காவுக்கு விஷயம் பிடிபட்டது. எந்தக் குழாயானாலும் மடங்கைக் கூட்டக் கூட்டப் படம் கறுத்துக்கொண்டே போனது. பெரிதாக்குவதற்கு வெளிச்சத்தைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மடங்கைக் கூட்டியபோது இன்னொன்றும் நடந்தது. அஹ்தியின் மூக்கு பெரிதாக வந்தது, அஹ்தி காணாமல் போனான். அவனைச் சுற்றி இருந்த புதர், வேலி, பக்கத்து மரம் எதுவும் தெரியவில்லை. தௌனோவின் ஸ்கோப்பில் மடங்கு குறைவு. ஆனால் கடையிலிருந்து வந்ததில் பொட்டலமே தெரியாமல் போன பிறகும், இதில் எழுத்தைப் படிக்க முடிந்தது. அவளுக்கு வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன மடங்கு, நல்ல கண்ணாடி, அகலமான பார்வை, உள்ளே ஈரம் புகாத உடம்பு. விளக்கு வேண்டாம், எண் விளையாட்டு வேண்டாம். சிவப்பு விளக்கைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரலில், தெற்கே மகள் வீட்டோடு போய்ச் சேரப்போகிற இல்மரி என்ற ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் தன் வேட்டைச் சாமான்களை விற்கிறார் என்று தெரியவந்தது. அவரிடம் ஒரு ஆஸ்திரிய ஸ்கோப் இருந்தது. ஒன்றரை மடங்கிலிருந்து ஆறு வரை. வெளிப்பக்கம் உரசி உரசிக் கறுப்புப் பூச்சு போயிருந்தது. அதனால் யாரும் அதைச் சீந்தவில்லை. ஹில்க்கா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியிலேயே கிழவர் திகைத்துப்போனார்.

"ஃப்ரீசர்ல வைக்கச் சொல்றியா? ஸ்கோப்பையா?"

"ஆமா. நான் வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எதையும் தப்பா எடுத்துக்கல. பெர்ச் மீனுக்குத்தான் என்ன தோணுமோ" என்றார் இல்மரி.

அவள் போனபோது, லிங்கன்பெரிப் பழ டப்பாவுக்கும் மீனுக்கும் நடுவிலிருந்து அதை எடுத்து, சூடான சமையலறை மேசைமேல் வைத்தார். உடனே வெளிக் கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிட்டது. ஹில்க்கா துணியால் துடைத்தாள், மறுபடியும் பூத்தது, மறுபடியும் துடைத்தாள். கிழவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி மெல்லச் சூடு பிடித்தது. ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். ஒரு புள்ளி ஆவி உள்ளே இல்லை. எதிர்க்கரைப் படகுத்துறையின் பலகைகளை எண்ணலாம்போல இருந்தது. குழாயை ஆட்டிக் காதோடு வைத்துக் கேட்டாள், சத்தம் இல்லை. மடங்கு வளையத்தைத் திருப்பினாள், உள்ளே குறிவைக்கும் குறுக்குக் கோடு இடத்தை விட்டு நகரவில்லை.

"இதோட மேல் தோலைப் பாத்துட்டு வந்தவங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்க" என்றார் இல்மரி. "நீ ஒருத்திதான் உள்ள பாத்த."

அவள் பேரம் பேசவில்லை. அவர் கேட்டது அவள் ஒதுக்கி வைத்திருந்ததற்குள் அடங்கியது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்தில் அவள் ஒரு நல்ல மவுண்ட் வாங்கினாள், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புப் பிடி. நல்ல கண்ணாடியை ஆடுகிற பிடியில் மாட்டுவது, நல்ல மாட்டை இற்றுப்போன கயிற்றில் கட்டுவது மாதிரி என்று அஹ்தியிடம் சொன்னாள்.

ஜூன் மாதம் குழுவினர் குறிசரிபார்க்கக் கூடும் நாள் வந்தது. கொசு கடித்துக்கொண்டிருந்தது. ஹில்க்கா பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்ததும் ரெய்யோ குனிந்து பார்த்தான். பூச்சுப் போன குழாய், அதுவும் தன்னுடையதில் பாதி நீளம். இது என்ன, கழிவுநீர்க் குழாயில் வெட்டியெடுத்ததா என்று கேட்டான். அவள் சுடும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மூன்று தடவை சுட்டாள். பிறகு, திருப்பிய அளவுக்குக் குறி சரியாக நகர்கிறதா என்று பார்க்க, ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் குறியை மேலே கொண்டுபோனாள், வலது பக்கம் கொண்டுபோனாள், கீழே இறக்கினாள், இடது பக்கம் திருப்பித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்தாள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சூடு. கடைசித் தோட்டா முதல் மூன்றோடு போய்ச் சேர்ந்தது. தௌனோ அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்தார். ஒன்றுசேர்ந்த அந்த நான்கு துளைகளையும் ஒரு காபிக் கோப்பையின் அடிப்பாகத்தால் மூடிவிடலாம். அட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

"காகிதத்துல எல்லாம் யாரு வேணா சுடலாம்" என்றான் ரெய்யோ. குரலில் முன்பிருந்த காரம் இல்லை.

அக்டோபர் வந்தது. முதல் வாரம் நல்ல வெயில், யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை வானம் இறங்கி வந்து தலைமேல் உட்கார்ந்துகொண்டது. மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. ஹில்க்கா ஒரு பழைய புல்வெளியின் ஓரத்தில் நின்றாள். யாரும் அறுக்காமல் விட்ட வெளி, மறுபக்கம் முழுக்க வில்லோ புதர் வளர்ந்து கிடந்தது.

ரெய்யோ நாயோடு காட்டுக்குள் போயிருந்தான். நாய் குரைக்கும் சத்தம் மதியத்திலிருந்து நெருங்கி வருவதும் விலகுவதுமாக இருந்தது. பொழுது சாயத் தொடங்கியபோது வாக்கி டாக்கியில் ரெய்யோவின் குரல் வந்தது. ஒரு பெட்டை மூஸ் தனியாகப் போகிறது, ஓடைக்கரைச் சேற்றில் தடம் பார்த்தேன், ஒரே தடம்தான், புல்வெளிப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றான். தொடர்ந்து தௌனோ பேசினார்.

"ஹில்க்கா, உன்கிட்டதான் வருது. தனிப் பெட்டை. வந்தா எடுத்துக்கோ."

கூடக் குட்டி இருக்கும் தாயைச் சுடக் கூடாது. அது சட்டம், அந்தக் காட்டில் அதைவிடப் பெரிய மானப் பிரச்சினை. தனிப் பெட்டை என்றால் தடை இல்லை, குழுவுக்கு அனுமதியும் இருந்தது. ஹில்க்கா ஸ்கோப்பின் மூடியைத் திறந்தாள். கண்ணாடி தெளிவாக இருந்தது.

புல்வெளியின் மறுகோடியில் ஒரு கறுப்பு உருவம் வெளியே வந்தது. தலையைத் தூக்கிக் காற்றை மோந்து, சரியாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. இதற்குமேல் நன்றாக ஒரு மூஸ் நிற்க முடியாது. ஹில்க்கா துப்பாக்கியைத் தாங்குகோலில் சாய்த்துக் கண் வைத்தாள். குறுக்குக் கோடு முன்னங்கால் தோளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. துப்பாக்கி தவறி வெடிக்காமல் தடுத்து வைக்கும் காப்பை நீக்கினாள்.

நீக்கிய விரல் அங்கேயே நின்றது. வட்டத்தின் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

பெட்டைக்குப் பின்னால் வில்லோ புதர். மழையில் நனைந்த பழுப்புக் கிளைகள், பழுப்பு இலைகள். அந்தப் பழுப்புக்குள் இன்னொரு பழுப்பு இருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முதலில் தெரிந்தது ஒரு காது, மழைத்துளியை உதறி மடங்கி நிமிர்ந்தது. காதுக்குக் கீழே ஒரு கண். பிறகு குச்சி மாதிரி இரண்டு கால்கள். குட்டி தாயின் வயிற்றுக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது.

குட்டியை எடுக்கக் குழுவுக்கு அனுமதி உண்டு. ஆனால் முன்னால் தாய் நிற்கிறது. ஹில்க்கா காப்பைத் திரும்பப் போட்டாள். துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. ரெய்யோ. "என்னம்மா, வெடிச் சத்தத்தையே காணோம்? மறுபடியும் பால் பொங்கிடுச்சா?"

அவள் பதில் சொல்லவில்லை. பேசினால் அவை ஓடிவிடும். தாய் நாலு எட்டு வைத்தது, குட்டியும் அதோடு நாலு எட்டு வைத்தது. கடைசிவரை இரண்டும் பிரியவில்லை. அப்படியே வெளியைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் அவள் பொத்தானை அழுத்தினாள்.

"பெட்டை போயிடுச்சு. கூடக் குட்டி இருக்கு. நான் சுடல."

வாக்கி டாக்கி மறுபடியும் கரகரத்தது.

"குட்டி எங்கேருந்து வந்துச்சு?" ரெய்யோவின் குரலில் கோபமே இருந்தது. "தடத்த நான் என் கண்ணால பாத்தேன். ஒண்ணுதான்."

"நான் குட்டியவே பாத்தேன்" என்றாள் ஹில்க்கா.

தௌனோ எல்லோரையும் புல்வெளிக்கு வரச் சொன்னார். கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. வில்லோ புதரின் ஓரத்தில் சேறு இளகிக் கிடந்தது. அதில் உள்ளங்கை அகலத்தில் பெரிய குளம்புத் தடம், அதன் பக்கத்திலேயே சின்னக் குளம்புத் தடம். ரெய்யோ நாயைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தான். எழுந்து சின்னத் தடம் வந்த வழியே பின்னோக்கிப் போனான். புல்வெளி ஓரமாக ஓடிய வடிகாலின் எதிர்க்கரையில் அது தனியாக வந்திருந்தது. நாய் துரத்தியதில் குட்டி பிரிந்து, சுற்றிக்கொண்டு வந்து, இந்தப் புல்வெளியின் விளிம்பில்தான் தாயோடு சேர்ந்திருக்கிறது. ஓடைக்கரையில் அவன் பார்த்தது பொய்யில்லை. அங்கே ஒரு தடம்தான் இருந்தது.

திரும்பி வந்தவன் ஹில்க்கா நின்ற இடத்துக்குப் போய் நின்று புதரைப் பார்த்தான். தன் துப்பாக்கியின் ஸ்கோப்பை மட்டும் கழற்றி அதன் வழியாகப் பார்த்தான். மடங்கைக் குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான். பிறகு தன்னுடையதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கையை நீட்டினான். ஹில்க்கா தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கொடுத்தாள். பூச்சுப் போன அந்தக் குழாய் வழியாக வெகுநேரம் பார்த்தான்.

"என்னுதும் நல்லாத்தான் காட்டுது" என்றான் கடைசியில். "ஆனா நான் எப்பவும் பன்னெண்டுல வெச்சிருப்பேன். தோள் மட்டும்தான் தெரியும். நானா இருந்தா சுட்டிருப்பேன்."

மற்றவர்கள் எல்லோரும் கேட்கும்படிதான் அதைச் சொன்னான். அப்படிச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று ஹில்க்காவுக்குத் தெரியும், பள்ளிக்கூட நாளிலிருந்து அவனைத் தெரியுமே. அவள் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தௌனோ தன் தெர்மாஸ் குடுவையைத் திறந்து முதல் கோப்பைக் காபியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். அந்தக் குழுவில் மானை வீழ்த்தியவருக்குத்தான் முதல் கோப்பை. எந்த மானும் விழாத ஒரு நாளில் அதை அவர் ஊற்றியதை எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஈர உடுப்பைக்கூட மாற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டே அவள் அஹ்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காது எப்படி மடங்கியது என்று கையால் செய்து காட்டினாள். அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அஹ்தி கரண்டியோடு நின்று கேட்டான்.

"சுடாததுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றான்.

"சுடாததுக்குத்தான். என்னால சுட முடியும்னு எனக்குத் தெரியும். அது நல்லா நின்னுச்சு, கைக்குள்ள இருந்துச்சு. போன வருஷம் தெரியாம விட்டேன். இன்னிக்குத் தெரிஞ்சு விட்டேன்."

அஹ்திக்கு வேட்டை புரியாது, ஆனால் அவளைப் புரியும். சூப்பை ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

அந்தப் பருவத்தின் கடைசி ஞாயிறு அவளுக்கு ஒரு கடா கிடைத்தது. அதுவும் சாயங்காலம்தான், அதுவும் தூறல்தான். இந்தத் தடவை பின்னாலும் பக்கத்திலும் பார்த்து முடித்த பிறகே காப்பை நீக்கினாள். ஒரே தோட்டா. கடா சில எட்டு ஓடி, பாசியின் மேல் சாய்ந்தது. அருகே போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைக் குலுக்கினார்கள். ரெய்யோ குலுக்கிய கையை விடாமல், "இதுக்கு மட்டும் எந்தக் குறையும் சொல்ல வழியில்லயே" என்று அலுத்துக்கொண்டான்.

"யோசிச்சு வை. அடுத்த வருஷம் சொல்லு" என்றாள்.

நவம்பரில் ஊர் மண்டபத்தில் மூஸ் சூப் விருந்து நடந்தது. தங்கள் நிலத்தில் வேட்டையாட விட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் குழு ஒரு வேளைச் சாப்பாடு போடும் நாள் அது. சூப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எப்போதும் இரண்டு வாக்கியத்தில் முடிக்கும் தௌனோ அன்றைக்கு ஐந்தாறு வாக்கியம் பேசினார். இந்த வருஷம் குழு எத்தனை மான் எடுத்தது என்பதைச் சொன்னார். அதைவிட, எடுக்கக் கூடாத ஒன்றை எடுக்காமல் விட்டதைப் பெரிதாக நினைக்கிறேன் என்றார். அடுத்த வருஷத்திலிருந்து எனக்குத் துணையாக ஹில்க்கா குழுவை நடத்துவாள், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒரு ஆட்சேபமும் வரவில்லை. சம்மதம் என்று கையை உயர்த்தியவர்களில் முதல் கை ரெய்யோவுடையது.

ஹில்க்கா எழுந்து நின்றாள். அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் வீட்டு மாட்டை அவள் கறந்திருக்கிறாள். அவ்வளவு பேர் ஒன்றாகத் தன்னைப் பார்ப்பதைத்தான் அவள் அதற்கு முன் கண்டதில்லை. முகம் சிவந்தது. நன்றி என்றாள், செய்கிறேன் என்றாள், உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த அஹ்தி மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். பிறகு எழுந்து போய், இரண்டு தட்டிலும் இன்னும் கொஞ்சம் சூப் வாங்கிக்கொண்டு வந்தான்.